பெரிய டிஸ்கஸ் தொட்டி: கணக்கை வடிகாலில் இருந்து தொடங்குங்கள்

"அஞ்சடித் தொட்டி வைக்கப் போகிறேன், பன்னிரண்டு டிஸ்கஸ் விடப் போகிறேன். எந்த ஃபில்டர் போடலாம்?" டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர்களிடம் அடிக்கடி வந்து விழும் கேள்வி இது. கேட்பவர் கையில் இரண்டு மூன்று ஃபில்டர்களின் பெயர் ஏற்கெனவே இருக்கும். பெட்டியின் மேல் "600 லிட்டர் வரை" என்று அச்சிட்டிருப்பதையும் சேர்த்துச் சொல்வார். உள்ளே என்ன மீன், எவ்வளவு தீனி, தண்ணீரின் சூடு எவ்வளவு என்று எதுவுமே கேட்காமல் அந்த அட்டை மட்டும் எப்படி 600 என்று சொல்கிறது?

நான் பதிலுக்குக் கேட்பது வேறு. ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் மாற்றுவீர்கள், புதுத் தண்ணீர் எங்கிருந்து வரும், பழைய தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும்? இந்த மூன்றுக்கும் பதில் தயாராக இருந்தால் ஃபில்டரைத் தேர்ந்தெடுப்பது அரைமணி நேர வேலை. பதில் இல்லையென்றால் எவ்வளவு பெரிய ஃபில்டர் வாங்கிப் போட்டாலும் ஆறு மாதத்தில் மீன்கள் கறுத்து மூலையில் ஒதுங்க ஆரம்பித்துவிடும்.

டிஸ்கஸ் ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்பதற்கு அது பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும். 1840இல் ஆஸ்திரிய மீனியல் அறிஞர் யோகான் யாக்கோப் ஹெக்கெல் விவரித்த முதல் டிஸ்கஸ், அமேசானின் கிளை நதியான ரியோ நெக்ரோவில் இருந்து போனது. கட்டன் தேநீர் நிறத்தில், உப்புகள் ஏறத்தாழ இல்லாத, அமிலத் தன்மையுள்ள நீர் அது. மீன்கள் ஓடும் நடு ஆற்றில் இருப்பதில்லை. கரையோரம் மூழ்கிக் கிடக்கும் மரக்கிளைகளுக்கு நடுவே, வெதுவெதுப்பான, அசைவு குறைந்த நீரில் கூட்டமாக நிற்கும். தட்டு போன்ற அந்த உடம்பு கிளைகளுக்கு இடையே நுழைந்து திரும்ப வசதியானது, நீரோட்டத்தை எதிர்த்து நாளெல்லாம் நீந்த அல்ல. அங்கே ஃபில்டர் கிடையாது. ஒரு மீனின் கழிவைக் கரைத்துக் காணாமல் அடிக்க ஒரு நதியே இருக்கிறது. நம் வீட்டில் அந்த நதிக்குப் பதிலாக 500 லிட்டர் வைத்துக்கொண்டு, கூடவே மாட்டிறைச்சிக் கலவையும் புரதம் மிகுந்த குருணைத் தீனியும் நாளைக்கு மூன்று வேளை போடுகிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தீனியில் தொடங்கும் கணக்கு

150 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 60 உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். வெளி அளவில் 540 லிட்டர். கண்ணாடியின் தடிமன், மேலே விடும் இடம், மரக்கட்டை எல்லாம் கழித்து, கீழே இருக்கும் சம்ப்பையும் (ஃபில்டர் வேலை நடக்கும் துணைத்தொட்டி) சேர்த்தால் கணக்குக்கு 500 லிட்டர் என்று வைக்கலாம். வளர்ந்த டிஸ்கஸ் பன்னிரண்டு. நாளைக்கு 20 கிராம் உலர்தீனி, அதில் புரதம் 45 சதவீதம்.

மீன்பண்ணைகளில் ஃபில்டர் வடிவமைக்க ஒரு எளிய சூத்திரம் உண்டு: மீனுக்குப் போடும் புரதத்தின் எடையில் ஏறத்தாழ 9.2 சதவீதம் அம்மோனியா நைட்ரஜனாகத் தண்ணீரில் இறங்கும். நம் தொட்டியில் 9 கிராம் புரதம் போகிறது; 0.83 கிராம் அம்மோனியா நைட்ரஜன் வருகிறது. ஃபில்டரே இல்லையென்றால் ஒரே நாளில் லிட்டருக்கு 1.66 மில்லிகிராம் ஏறிவிடும். ஃபில்டர் ஒழுங்காக வேலை செய்தால் அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாகி, நாளுக்கு லிட்டருக்கு 7.3 மில்லிகிராம் நைட்ரேட் சேரும்.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஃபில்டர் கழிவை வெளியேற்றுவதில்லை, உருமாற்றுகிறது. விஷத்தை அவ்வளவு விஷமில்லாத ஒன்றாக மாற்றி அதே தண்ணீரில் விட்டுவிடுகிறது. அது வெளியேற வழி நீங்கள் கொட்டும் தண்ணீர் மட்டுமே. செடி நிறைந்த தொட்டியில் செடிகள் கொஞ்சம் உறிஞ்சும். ஆனால் 29 டிகிரியில் பன்னிரண்டு டிஸ்கஸுக்கு ஈடுகொடுக்கும் அளவுக்குச் செடி வளர்ப்பது தனிக்கலை.

சரி, வாரம் ஒருமுறை பாதித் தண்ணீர் மாற்றினால்? வாரத்தில் 51 மில்லிகிராம் சேர்கிறது, பாதியைத்தான் எடுக்கிறோம். சில வாரங்களில் அது ஒரு நிலைக்கு வந்து நிற்கும்: மாற்றுவதற்கு முன் 102, மாற்றிய பின் 51. ஒன்றுவிட்டு ஒருநாள் 40 சதவீதம் மாற்றினால் மாற்றும் முன் 37, பின் 22. தினமும் 30 சதவீதம் என்றால் 24, 17. நைட்ரேட் இங்கே ஒரு சாட்சி மட்டும்தான். நைட்ரேட் ஏறும் அதே வேகத்தில், நாம் சோதித்துப் பார்க்காத கரிமக் கழிவுகளும் ஏறுகின்றன, அவற்றைத் தின்று பெருகும் பாக்டீரியாக்களும் ஏறுகின்றன. டிஸ்கஸ் தாங்காதது பெரும்பாலும் அந்தக் கூட்டத்தைத்தான்.

இப்போது லிட்டரைப் பாருங்கள். வாரம் பாதி என்றால் 250 லிட்டர். ஒன்றுவிட்டு ஒருநாள் என்றால் சுமார் 700. தினமும் என்றால் 1,050. வாளியில் தூக்கி ஊற்றி இதைச் செய்யலாம் என்று நினைப்பவர் முதல் மாதம் செய்வார். மூன்றாம் மாதம் "இந்த வாரம் விட்டுவிடலாம்" என்பார். தொட்டியைக் கெடுப்பது அறியாமையைவிட அலுப்புதான். அதனால் பெரிய தொட்டியின் முதல் சாதனம் ஃபில்டர் அல்ல, தண்ணீரை அலுப்பில்லாமல் மாற்றித் தரும் குழாய் அமைப்பு.

திறந்தால் தானே நிற்கும் வடிகால்

கண்ணாடியில் துளை போடுவது தொட்டி ஒட்டுவதற்கு முன்பே முடிவாக வேண்டும். அப்புறம் நினைத்துக்கொண்டால் கஷ்டம். அதிலும் பதப்படுத்திய கண்ணாடி என்றால் துளை போட்ட மறுநொடி நொறுங்கிவிடும். அடிக்கண்ணாடி பல தொட்டிகளில் பதப்படுத்தியதாகத்தான் வருகிறது, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பின்கண்ணாடியில், நீர்மட்டத்தில் இருந்து 17 சென்டிமீட்டர் கீழே ஒரு துளை, அதில் ஒரு குழாய் இணைப்பு, வெளியே ஒரு வால்வு, அங்கிருந்து நேராகக் கழிவுநீர்க் குழாய்க்கு. 55 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும் தொட்டியில் இந்தத் துளை 30 சதவீதத்தைக் குறிக்கும். வால்வைத் திறந்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். தண்ணீர் துளை மட்டத்துக்கு வந்ததும் தானே நின்றுவிடும். மறந்துபோய்த் தொட்டியைக் காலி செய்யும் வாய்ப்பே இல்லை. துளையின் வாயில் ஒரு வலைக்கூடை கட்டாயம் வேண்டும்.

உள்ளே வரும் தண்ணீருக்கு ஒரு சேமிப்புத் தொட்டி வேண்டும், 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய் போதும். அதில் ஒரு ஹீட்டர், ஒரு ஏர் ஸ்டோன், ஒரு சிறு பம்ப். முந்தைய நாள் நிரப்பி வைத்தால் குளோரின் போய்விடும், நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறி பிஎச் தன் உண்மையான நிலைக்கு வரும், ஆக்சிஜன் ஏறும். குழாயில் வரும் குளிர்ந்த நீரை நேராகத் தொட்டியில் விட்டால் அதில் அழுத்தத்தோடு கரைந்திருக்கும் காற்று நுண்குமிழியாகப் பிரிந்து மீனின் துடுப்பிலும் செவுளிலும் ஒட்டும். அதற்கும் இந்த ஒருநாள் காத்திருப்பே மருந்து. குடிநீரில் குளோரமைன் கலக்கும் இடங்களில் மட்டும் காத்திருப்பு பலிக்காது. அது எளிதில் ஆவியாகாது. குளோரின் நீக்கும் தயோசல்பேட் போட்டு உடைத்தால் அம்மோனியாவை விட்டுச் செல்லும். அம்மோனியாவையும் கட்டும் கலவை மருந்து தேவை.

பீப்பாய்த் தண்ணீரை 22 டிகிரியில் இருந்து 29க்கு ஏற்ற, 300 வாட் ஹீட்டர் ஐந்தரை மணி நேரம் எடுக்கும். இரவே போட்டுவிட்டால் காலையில் தயார். சூடாக்காமல் விட்டால் என்ன ஆகும்? 150 லிட்டர் 20 டிகிரித் தண்ணீர் 350 லிட்டர் 29 டிகிரியோடு கலந்தால் தொட்டி 26.3க்கு இறங்கும். ஒருநாள் தாங்கும். தினமும் இப்படி என்றால் வெள்ளைப்புள்ளி நோய்க்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

ஓயாமல் சொட்டுச் சொட்டாகப் புதுநீர் விட்டு, மேல்மட்டத்தில் வழியவிடும் முறையும் உண்டு. வசதிதான். ஆனால் புதுநீரில் ஒரு பகுதியும் பழையதோடு சேர்ந்து வழிந்துவிடுகிறது, அதனால் 150 லிட்டர் சொட்டுநீர் 130 லிட்டர் மாற்றிய பலனைத்தான் தரும். அதைவிட, மிதவை வால்வை மட்டும் நம்பி நீர்க்குழாயைத் திறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். மிதவை ஒருநாள் சிக்கும். வருகிற நீரின் அளவுக்குப் பீப்பாயே எல்லையாக இருக்கட்டும்.

ஃபில்டருக்குள் என்ன நடக்கிறது

அம்மோனியா விஷயத்தில் டிஸ்கஸ் வளர்ப்பவருக்கு ஒரு சாதகமும் ஒரு பாதகமும் உண்டு. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கிறது, அவற்றில் கடுமையான விஷம் ஒன்றுதான். 30 டிகிரியில், பிஎச் 8 என்றால் மொத்தத்தில் சுமார் 7.5 சதவீதம் விஷ வடிவில் இருக்கும். பிஎச் 7இல் 0.8 சதவீதம். பிஎச் 6இல் 0.08. அமிலத் தண்ணீர் டிஸ்கஸுக்கு ஒரு கவசம். ஆனால் அதே அமிலத்தில் நைட்ரிஃபை செய்யும், அதாவது அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும், பாக்டீரியாக்கள் மந்தமாகிவிடும். பிஎச் 5.5க்குப் போய்விட்ட பழைய தொட்டியில் அம்மோனியா சேர்ந்துகொண்டே போகும், மீனும் ஒன்றும் ஆகாதது போல நிற்கும். ஒருநாள் திடீரென்று அக்கறை வந்து பிஎச் 8 உள்ள தண்ணீரைப் பாதிக்குப் பாதி ஊற்றினால், அடங்கிக் கிடந்ததில் ஒரு பகுதி சட்டென்று விஷமாக மாறும். "தண்ணீர் மாற்றினேன், மீன் செத்துவிட்டது" என்ற கதைகளில் பல இந்த ரகம்.

தொட்டியின் பிஎச் ஏன் தானாக இறங்குகிறது என்பதற்கும் ஃபில்டரே காரணம். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற பாக்டீரியா சுமார் 7.1 கிராம் கார்பனேட் காரத்தன்மையைக் கரைக்கிறது. நம் 0.83 கிராமுக்கு நாளைக்குக் கிட்டத்தட்ட 6 கிராம், அதாவது கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) அளவில் 0.66 டிகிரி. கேஎச் 3 உள்ள மென்னீரில் ஐந்தே நாளில் கையிருப்பு காலி. தண்ணீர் மாற்றம் அழுக்கை எடுப்பதோடு, இந்தக் காரத்தன்மையைத் திரும்ப ஊற்றும் வேலையையும் செய்கிறது. சுத்தமான ஆர்.ஓ. நீரில் மட்டும் வளர்க்க ஆசைப்படுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஆக்சிஜன். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 30 டிகிரித் தண்ணீர் 7.5 அளவில் நின்றுவிடும். நம் 0.83 கிராமை நைட்ரேட் ஆக்க பாக்டீரியாவுக்கு 3.8 கிராம் ஆக்சிஜன் தேவை. 500 லிட்டரிலும் முழுக்கக் கரைந்திருக்கும் ஆக்சிஜனே அவ்வளவுதான்! மீன் மூச்சு விடுவது, அழுக்கைத் தின்னும் மற்ற பாக்டீரியா எல்லாம் இதற்கு மேல். எனவே சூடான தொட்டியில் மேல்பரப்பு அசைவதும் காற்று கலப்பதும் ஃபில்டரின் ஒரு பகுதி.

எவ்வளவு மீடியா (பாக்டீரியா ஒட்டி வளரும் பொருள்) போடுவது என்பதில் விளம்பரங்கள் மிரட்டும் அளவுக்குத் தேவையில்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பு நாளைக்கு 0.1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும் என்று குறைத்தே போடுவோம். 8.3 சதுர மீட்டர் வேண்டும். சுழன்றுகொண்டே இருக்கும் கே-1 பிளாஸ்டிக் மீடியா ஒரு கன மீட்டருக்கு 500 சதுர மீட்டர் பயன்படு பரப்பு தரும். 20 லிட்டர் போட்டால் 10 சதுர மீட்டர். அவ்வளவுதான் விஷயம். நுண்துளைகள் கொண்ட பீங்கான் மீடியா ஒரு லிட்டரில் ஒரு மைதானப் பரப்பை அடக்கியிருப்பதாகச் சொல்வார்கள். பரப்பு இருக்கலாம், ஆனால் அந்தத் துளைகளின் வாயைப் பாக்டீரியாப் படலமே சில வாரங்களில் அடைத்துவிடும், உள்ளே ஆக்சிஜன் போகாது. சாதாரண முரட்டு ஸ்பாஞ்ச் நல்ல மீடியா. மலிவு என்பதாலேயே அதற்கு மதிப்பில்லாமல் போய்விட்டது.

உண்மையில் ஃபில்டர் திணறுவது அழுக்கால். நைட்ரிஃபை செய்யும் பாக்டீரியா இரட்டிக்க ஒரு நாள் அளவில் ஆகும், கழிவைத் தின்னும் மற்ற பாக்டீரியா சில மணி நேரத்தில் இரட்டிக்கும். மீடியா மேல் சேறு படிந்தால் இடத்தையும் ஆக்சிஜனையும் இந்த இரண்டாம் கூட்டம் பிடித்துக்கொள்ளும். ஃபில்டருக்குள் அடைபட்ட எச்சம் கண்ணுக்குத்தான் மறைந்திருக்கிறது, அதன்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஆகவே நான் முதலில் பார்ப்பது: முன்வடிகட்டியை எத்தனை நொடியில் வெளியே எடுக்கலாம்? இரண்டு நாளுக்கு ஒருமுறை அலசும் பஞ்சும் துணிப்பையும் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் அலசுவோம். கேனிஸ்டர் எனும் மூடிய டப்பா ஃபில்டரின் அடியில், நான்கு கொக்கிகளைக் கழற்றி, மூன்று தட்டுகளைத் தூக்கிய பிறகு கிடைக்குமென்றால் மூன்று மாதம் ஆனாலும் கை போகாது.

பாக்டீரியா பற்றி ஒரு சின்ன இடைச்செருகல். நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்று பழைய மீன்வளர்ப்பு நூல்கள் எல்லாம் சொல்லின. 1998இல் மீன்தொட்டி ஃபில்டர்களை ஆராய்ந்தவர்கள் அங்கே வேலை செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டினார்கள். 2015இல் அதே நைட்ரோஸ்பைராவில் சில, அம்மோனியாவில் இருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தனியாகவே செய்து முடிப்பதும் தெரியவந்தது. நமக்கு இதில் இருந்து கிடைக்கும் பாடம் சிறியது: பாட்டிலில் வரும் பாக்டீரியாவைவிட, நோயில்லாத பழைய தொட்டி ஒன்றின் அழுக்கு ஸ்பாஞ்ச் நம்பகமானது.

சம்ப்பா, கேனிஸ்டரா

500 லிட்டருக்கு என் ஓட்டு சம்ப்புக்கு. ஹீட்டர், முன்வடிகட்டி, மீடியா எல்லாம் கீழே போய்விடும். வழிந்து விழும் தண்ணீர் போகிற போக்கிலேயே காற்றைக் குடித்துக்கொள்ளும். நீராவியால் குறையும் மட்டம் சம்ப்பில் மட்டும் தெரியும், மேல்தொட்டி எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும். சத்தம் வரும் என்பார்கள். ஒற்றைக் குழாயில் காற்றும் நீரும் சேர்ந்து விழுந்தால் கடகடவென்று வரத்தான் செய்யும். ஒரு குழாயை வால்வால் அடக்கி முழுக்க நீரால் நிரப்பி ஓடவிட்டு, அதில் அடைப்பு ஏற்பட்டால் காப்பாற்றப் பக்கத்தில் இரண்டாவது குழாயைக் காலியாக வைத்தால் சத்தம் அடங்கிவிடும். அந்த இரண்டாவது குழாயைச் செலவு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ஒரு இலை போதும், முதல் குழாயை அடைக்க.

மின்சாரம் நின்றதும் எவ்வளவு தண்ணீர் கீழே வரும் என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். 150க்கு 60 பரப்பில் 3 சென்டிமீட்டர் இறங்கினால் 27 லிட்டர், குழாயில் இருப்பது தனி. சம்ப்பில் அவ்வளவு காலியிடம் எப்போதும் இருக்க வேண்டும். தண்ணீரைத் திருப்பி அனுப்பும் குழாயின் வாய் தொட்டிக்குள் ஆழமாக மூழ்கியிருந்தால் அதுவே சைஃபன் ஆகி அந்த ஆழம் வரை உறிஞ்சிக் கீழே கொட்டும். இதைத் தடுக்கக் குழாயில் சிறு துளை போடுவது வழக்கம், அந்தத் துளையைப் பாசி அடைப்பதும் வழக்கம். ஒருவழி வால்வும் ஒரு நத்தை சிக்கினால் மூடாது. வாயை நீர்மட்டத்துக்கு ஒட்டி வைப்பது ஒன்றே நிச்சயம்.

பம்ப் மணிக்கு மொத்த நீரை நான்கைந்து முறை சுற்றினால் போதும், அதாவது 2,000 முதல் 2,500 லிட்டர். பெட்டியில் போட்டிருக்கும் எண் உயரமே இல்லாமல் அளந்தது. ஒன்றரை மீட்டர் ஏற்றினால் எவ்வளவு கிடைக்கும் என்று அந்த பம்ப்பின் வரைபடத்தில் பார்த்து வாங்க வேண்டும். பத்து மடங்கு சுற்றினால் இன்னும் சுத்தமாகும் என்று நினைத்து டிஸ்கஸைப் புயலில் நிறுத்துகிறவர்கள் உண்டு. மீன் ஒரு மூலையில் சேர்ந்து நிற்பதை "பயம்" என்று நினைத்துக்கொள்வார்கள். நீர் விழும் வாயைப் பின்கண்ணாடியை நோக்கித் திருப்பினாலோ, துளையிட்ட நீளக்குழாயால் பரப்பினாலோ பாதி வேகம் செத்துவிடும்.

கேனிஸ்டர் தவறு என்று சொல்லவில்லை. சம்ப்புக்கு இடமில்லையென்றால் ஒரே பெரிய கேனிஸ்டருக்குப் பதில் இரண்டு நடுத்தரம் வைத்து, இரண்டு வார இடைவெளியில் மாற்றி மாற்றிக் கழுவலாம். அதன் உண்மையான பலவீனம் மின்தடையில் தெரியும். மூடிய டப்பாவுக்குள் 10 லிட்டர் தண்ணீர் இருந்தால் அதில் ஆக்சிஜன் 75 மில்லிகிராம்தான். பாக்டீரியாக் கூட்டம் அதை அரைமணி, ஒரு மணி நேரத்தில் தீர்த்துவிடும். பிறகு உள்ளே அழுகல். ஒருமுறை இரவு முழுக்க மின்சாரம் இல்லாமல், விடியற்காலையில் அது வந்ததும் கேனிஸ்டர் தானாக ஓட ஆரம்பித்து, கறுப்புத் தண்ணீரைத் தொட்டிக்குள் துப்பியதை நானே பார்த்திருக்கிறேன். முட்டை அழுகிய வாடை கூடம் முழுக்க. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்ற கேனிஸ்டரைக் கழற்றி, உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

சம்ப்போடு சேர்த்து, மேல்தொட்டியில் காற்றில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரண்டு வைத்துவிடுங்கள். அழகு இல்லைதான். ஆனால் மின்சாரம் போனால் பேட்டரியில் ஓடும் சிறு ஏர் பம்ப் அவற்றை உயிரோடு வைத்து, மீனுக்கும் மூச்சு தரும். 29 டிகிரியில் நெரிசலான தொட்டியில் மின்தடையின்போது முதலில் தீருவது ஆக்சிஜன். சூடு இறங்கப் பல மணி நேரம் ஆகும், அதற்காகப் பதற வேண்டாம்.

சூடு

500 லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 0.58 யூனிட் மின்சாரம் வேண்டும், 600 வாட் போட்டால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அந்த 600 வாட்டை ஒரே ஹீட்டராக வாங்கக் கூடாது. 300, 300 என்று இரண்டு. ஒன்று செத்தால் மற்றது மெதுவாகக் குளிரவிடும், நமக்குக் கண்டுபிடிக்க நேரம் கிடைக்கும். ஒன்று அணையாமல் ஒட்டிக்கொண்டால் பாதி பலத்தில்தான் சூடேற்றும். ஹீட்டர்களின் சொந்த தெர்மோஸ்டாட்டை 30.5இல் வைத்துவிட்டு, வெளியே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியில் 29 என்று வைப்பது இரட்டைப் பூட்டு.

அந்தப் பெட்டியின் உணரியை எங்கே வைப்பது? ஹீட்டர் சம்ப்பில், உணரி மேல்தொட்டியில் என்றுதான் முதலில் தோன்றும். பம்ப் நின்றுபோனால் மேல்தொட்டி குளிரும், உணரி "இன்னும் சூடு" என்று கேட்டுக்கொண்டே இருக்கும், கீழே சம்ப் கொதிக்கும். உணரியும் ஹீட்டரும் சம்ப்பின் ஒரே அறையில் இருக்க வேண்டும், அதுவும் மட்டம் குறையாத அறையில். மேலே தனியாக ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும், நம் கண்ணுக்காக.

மூடி போடாத தொட்டியின் மின்கட்டணத்துக்கு ஹீட்டரைத் திட்டிப் பயனில்லை. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நாளைக்கு மூன்று லிட்டர் ஆவியானால் இரண்டு யூனிட். கண்ணாடி மூடியும், பின்புறமும் அடியிலும் ஒட்டிய தெர்மோகோலும் எந்த ஹீட்டரைவிடவும் லாபம். அறையே 32 டிகிரியைத் தாண்டும் காலத்தில் மட்டும் மூடியைத் தூக்கிவிட்டு, அதே ஆவியாதலை ஒரு மின்விசிறியால் குளிர்ச்சிக்குப் பயன்படுத்தலாம்.

கம்பிகள் சுவரில் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி ஏற வேண்டும், வழியும் நீர் சாக்கெட்டுக்குள் போகாமல் அந்த வளைவில் சொட்டிவிடும். கசிவு மின்சாரம் கண்டால் துண்டிக்கும் சுவிட்ச் இல்லாத இணைப்பில் ஹீட்டரைப் போட்டுத் தண்ணீரில் கை விடாதீர்கள். இதில் சிக்கனம் வேண்டாம்.

மீதியைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். யு.வி. விளக்கு மிதக்கும் கிருமிகளையும் பச்சைப் பாசியையும் குறைக்கும், மெதுவான ஓட்டத்தில் ஓடினால். மீனின் செவுளில் ஒட்டியிருக்கும் புழுவை அது தொடவே தொடாது. வாங்கலாம், கடைசியில். ஆர்.ஓ. இனப்பெருக்கத்துக்கும், ஆற்றில் பிடித்த மீனுக்கும், மிகக் கடினமான நீருக்கும் தேவைப்படும். தலைமுறைகளாகத் தொட்டியில் பிறந்த டிஸ்கஸ் நடுத்தரக் கடினத்தில், பிஎச் 7.5இல்கூட, தண்ணீர் சுத்தமாகவும் மாறாமலும் இருந்தால் நன்றாக வளரும். விளக்கு மங்கலாகப் போதும். அடியில் மணல் வேண்டுமா என்பது ஆசையைப் பொறுத்தது. வளரும் குட்டிகளுக்கு வெறும் கண்ணாடி, பெரிய மீனுக்கு மெல்லிய மணல் என்பது என் பழக்கம்.

சம்ப்பின் ஒரு மூலையில் கூடுதலாக ஒரு சிறு ஸ்பாஞ்ச் எப்போதும் ஊறிக்கொண்டே இருக்கட்டும். புதுமீன் வந்தாலோ ஒரு மீன் நோயுற்றாலோ அதைத் தூக்கித் தனித்தொட்டியில் போட்டால் அன்றைக்கே பழகிய ஃபில்டர் தயார்.

தொட்டி, தண்ணீர், கண்ணாடி, தாங்கி, சம்ப் எல்லாம் சேர்ந்து 700 கிலோ வரும். வைத்த பிறகு பீரோவை நகர்த்துவது போல நகர்த்த முடியாது, எனவே தரையின் பலமும் வடிகாலின் தூரமும் தொட்டி வருவதற்கு முன்பே பார்த்தாக வேண்டும். தாங்கியின் கதவைத் திறந்து, சம்ப்பின் மேல் கை நுழைந்து மீடியாப் பை வெளியே வருகிறதா என்று வெறும் சம்ப்பை வைத்தே பாருங்கள். பிறகு மீன் இல்லாமல் ஒரு வாரம் ஓட்டுங்கள். ஓடும்போதே மின்சாரத்தை அணைத்து, தரை நனைகிறதா என்று நின்று பாருங்கள். முதல் குழாயை வேண்டுமென்றே அடைத்து, இரண்டாவது தாங்குகிறதா என்று பாருங்கள். வடிகால் வால்வைத் திறந்து, தண்ணீர் 17 சென்டிமீட்டரில் நிற்கிறதா, பீப்பாய் பம்ப் எத்தனை நிமிடத்தில் நிரப்புகிறது என்று பாருங்கள். இவை எல்லாம் சரியானால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் அம்மோனியா போட்டு, பழைய ஸ்பாஞ்ச் ஒன்றைப் பிழிந்துவிட்டு, அது 24 மணி நேரத்தில் நைட்ரைட்டும் மிச்சமில்லாமல் தீரும் வரை பொறுத்திருங்கள். தீர்ந்ததும் பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றிவிட்டு, பன்னிரண்டு மீனில் முதல் ஆறை விடலாம்.